ப்ளோயரை நிறுத்திய தீபாவளி

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே உங்களுக்குப் பம்பு, வால்வு, மீட்டர் எல்லாவற்றையும் காட்டியிருப்பார்கள். அவற்றைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அவை கெட்டால் சத்தம் போடும், மெக்கானிக் வந்து சரி செய்துவிடுவார். சத்தமே போடாமல் செத்துப்போகிற சிலவற்றை நம்பித்தான் நம் தொழில் நடக்கிறது. ஒருமுறை அவற்றை நான் பட்டினி போட்டுக் கொன்றேன். அதைவிடப் பெரிய தவறு ஒன்றைச் சில நாள் கழித்துச் செய்தேன். இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. திருப்பூரை ஒட்டிய ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு நான் மேனேஜராக வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. சுற்றுவட்டாரச் சாயப்பட்டறைக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து நடத்திய நிலையம். பனியன் துணிக்குச் சாயம் ஏற்றிய தண்ணீரெல்லாம் குழாய் வழியாக எங்களிடம் வரும். முதலில் சேகரிப்புத் தொட்டி, அடுத்து காற்று ஊதும் பெரிய தொட்டி. பெரிய தொட்டியின் அடியிலிருந்து ப்ளோயர் இரவும் பகலும் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். தண்ணீர் காபி நிறத்தில் கொதிப்பதுபோலப் புரளும். அந்தக் காபி நிறம் அழுக்கு என்று முதல் மாதம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். நான் மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவன். அதற்கு முன்பு நூல் மில்லில் மெஷின்களோடு இருந்தவன்.

அது அழுக்கு இல்லை, உயிர் என்று எனக்குக் காட்டியவர் லேபில் இருந்த பெண். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கணவருக்குப் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு இங்கே வந்தவர். ஊரில் ஒரு சின்னப் பள்ளியில் விலங்கியல் எடுத்திருந்ததால் எங்கள் எல்லோருக்கும் அவர் டீச்சர். என்னைவிடப் பன்னிரண்டு வயது சிறியவர்.

ஒருநாள் தொட்டித் தண்ணீரில் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னைக் கூப்பிட்டார்.

"பொடிப்பொடியாத் தெரியுதுல்லா சார், அதெல்லாம் பாக்டீரியா. ஒத்தை செல்லு. வாயும் கிடையாது, வயிறும் கிடையாது. மேல்தோலுதான் வாய். சாயத்தண்ணில கரைஞ்சு வாரது எது மேல படுதோ அதை உறிஞ்சிக்கிடும். பெருசா ஏதாவது சிக்கினா, செரிக்கிற சாறை வெளிய விட்டு அதைக் கரைச்சு, அப்புறம் உள்ள இழுத்துக்கிடும்."

ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தினார். காம்பின் மேல் கவிழ்த்த மணிபோல ஒன்று நின்றது. விளிம்பில் மயிரிழைகள் சுழன்றுகொண்டிருந்தன.

"இதுவும் ஒத்தை செல்லுதான். ஆனா அந்த மயிரால தண்ணியச் சுழட்டி, பாக்டீரியாவ உள்ள இழுத்து முழுங்கிரும்."

இன்னும் நகர்த்தினார். புழுபோல நீண்டும் சுருங்கியும் ஒன்று அசைந்தது. தலையில் இரண்டு சக்கரங்கள் சுற்றுவதுபோலத் தெரிந்தது. உடம்புக்குள் ஏதோ ஒன்று மென்றுகொண்டே இருந்தது.

"இவரு ரோட்டிஃபர். பல செல்லு சேர்ந்த உயிர். பிடிக்கிற செல்லு வேற, அரைக்கிற செல்லு வேற, செரிக்கிற செல்லு வேற. நம்மள மாதிரி. இவரு நல்லா தின்னுட்டு இருந்தார்னா, தொட்டில எல்லாம் சரியா இருக்குன்னு அர்த்தம்."

நான் தலையாட்டினேன். புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

தீபாவளி வந்தது. உங்களுக்குத் தெரியும், தீபாவளிக்குத் திருப்பூர் காலியாகிவிடும். தெற்கத்தி மாவட்டத்து ஆட்கள் எல்லோரும் பஸ் ஏறிவிடுவார்கள். பட்டறைகள் பத்து நாள் பூட்டிக் கிடக்கும். சாயத்தண்ணீர் ஒரு சொட்டு வராது. லீவுக்கு முன்தினம் டீச்சர் என் அறைக்கு வந்தார்.

"சார், தண்ணி வராட்டாலும் ப்ளோயர தினமும் கொஞ்ச நேரம் ஓடச் சொல்லிருங்க. கொஞ்சம் நாட்டுச்சர்க்கரையக் கரைச்சு ஊத்தச் சொல்லுங்க. பத்து நாளு சும்மா விட்டா தாங்காது."

"பாத்துக்கறேன் டீச்சர்" என்றேன். எனக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. சுமை இல்லாத மெஷினை ஓட விடுவது மில்லில் நாங்கள் செய்யாத காரியம். அந்தப் பழக்கம் எனக்குள் இருந்தது. கேட்டில் ஆபரேட்டர் பழனிச்சாமி நின்றுகொண்டிருந்தார். சாமளாபுரத்துக்காரர். விசைத்தறி ஓட்டிவிட்டு எங்களிடம் வந்தவர். லீவில் அவர் மட்டும்தான் டியூட்டி.

"பழனிச்சாமி, ஊதறதுக்கு என்ன இருக்குது? ப்ளோயரை நிறுத்திப்போடுங்க. பட்டறை தொறக்கறப்போ போட்டுக்கலாம்."

"நிறுத்தீர்லாமுங்களா?" என்று ஒருமுறை கேட்டார்.

"நிறுத்திப்போடுங்க" என்றேன்.

லீவு முடிந்து வந்த காலை, கேட்டுக்கு வெளியிலேயே அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. பெரிய தொட்டி தார்போலக் கறுத்து, அசையாமல் கிடந்தது. அங்கங்கே ஒரு குமிழ் எழுந்து உடைந்தது. டீச்சர் எனக்கு முன்பே வந்து லேபில் உட்கார்ந்திருந்தார். நான் போனபோது மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார்.

"ஒண்ணுகூட அசையல சார். ரோட்டிஃபர் கூடு கூடாக் கெடக்கு. மணி எல்லாம் காம்புல இருந்து கழண்டுட்டு. எல்லாம் செத்துக் கெடக்கு."

தலைவருக்குத் தகவல் போனது. நிலையத்தின் தலைவரும் ஒரு பட்டறைக்காரர்தான், நல்ல மனிதர், ஆனால் பயந்தால் கோபப்படுவார். இரண்டு நாளில் பட்டறைகள் திறக்கின்றன. சாயத்தண்ணீர் வர ஆரம்பித்தால் சேகரிப்புத் தொட்டி நான்கு நாளைக்குத்தான் தாங்கும். அதற்குள் எங்கள் தொட்டி பிழைக்காவிட்டால் எல்லாப் பட்டறைகளையும் நிறுத்த வேண்டும். சாயம் நின்றால் தையல் நிற்கும். ஊரிலிருந்து அப்போதுதான் திரும்பி வந்துகொண்டிருந்த அத்தனை பேரும் வேலையில்லாமல் நிற்பார்கள்.

தலைவர் தொட்டிக்கரையில் நின்று கத்தினார். "ப்ளோயரை எவன் நிறுத்துனது?"

லாக் புத்தகத்தைக் கொண்டுவந்தார்கள். "ப்ளோயர் நிறுத்தம்" என்று எழுதி, கீழே பழனிச்சாமியின் கையெழுத்து இருந்தது. என் பெயர் எங்கும் இல்லை. நான் வாயால்தானே சொன்னேன்.

தலைவர் பழனிச்சாமியைப் பார்த்தார். பழனிச்சாமி என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

நான் பேசவில்லை.

"நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம்" என்றார் தலைவர். பழனிச்சாமி டிபன் பாக்ஸை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கேட்டைத் தாண்டினார். ஏறி மிதிக்கவில்லை, தள்ளிக்கொண்டே போனார். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதுதான் நான் சொன்ன பெரிய தவறு. முதல் தவறு புரியாமல் செய்தது. இது எல்லாம் தெரிந்தே செய்தது.

மதியம் வரை பம்பையும் வால்வையும் சுற்றிச் சுற்றி வந்தேன். லேப் வாசலில் டீச்சர் மறித்தார்.

"சார், பழனிச்சாமி அண்ணன் தானா நிறுத்துற ஆளில்ல. எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்லா?"

அவ்வளவுதான் கேட்டார். குரலில் கோபம் இல்லை. நான் வண்டியை எடுத்துக்கொண்டு தலைவரின் பட்டறைக்குப் போனேன். பூட்டியிருந்த பட்டறையில் அவர் ஒருவர்தான் மேஜையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ப்ளோயரை நிறுத்தச் சொன்னது நானுங்க. டீச்சர் வேண்டாம்னு சொல்லியும் நான்தானுங்க சொன்னேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். அப்படி நினைத்தபோது நிம்மதியாக இருந்தது. அது எனக்கே வியப்பாக இருந்தது.

"அதை அங்கயே சொல்றதுக்கென்னங்க?" என்றார்.

"பயந்துபோயிட்டனுங்க."

தலைவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "எனக்கும் பயமாத்தானுங்க இருக்குது. மொதல்ல தொட்டியைப் பொழைக்க வையுங்க. உங்க சங்கதிய அப்பறம் பேசிக்கலாம். அந்த மனுசனை நீங்களே போயிக் கூட்டிட்டு வாங்க. ஆளு அனுப்பாதீங்க, நீங்களே போங்க."

சாமளாபுரத்தில் பழனிச்சாமியின் வீட்டைக் கண்டுபிடிக்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க" என்றார். அவர் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். முகம் கொடுத்துப் பேசவில்லை.

"தலைவர்கிட்டச் சொல்லிப்போட்டனுங்க" என்றேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு தெரியுமுங்க" என்றார் பழனிச்சாமி. காலித் தம்ளரை என்னிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டே, "ஆனா சாயங்காலமாயிப்போச்சு" என்றார்.

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அதைவிடக் கடுமையாகத் திட்டியதில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "ப்ளோயர் ஓடுதுங்களா?" என்று கேட்டுக்கொண்டே என் வண்டியின் பின்னால் ஏறினார்.

ப்ளோயர் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் காலையிலேயே போடச் சொல்லிவிட்டார். "முதல்ல மூச்சு, அப்புறம்தான் சோறு" என்றார்.

எதைக் கொண்டு திரும்ப ஆரம்பிப்பது என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். டீச்சர் சொன்ன ஒரு விஷயம்தான் எனக்கு நம்பிக்கை கொடுத்தது.

"ஒத்தை செல்லுக்கு ஒரு வசதி உண்டு சார். அதுக்கு யாரு தயவும் வேண்டாம். எங்கயாவது ஒண்ணு ரெண்டு பிழைச்சுக் கெடந்தாப் போதும், ரெண்டாப் பிரியும், நாலாப் பிரியும், வந்துரும். ரோட்டிஃபர் அப்படி இல்ல. பிடிக்கிற பாகம் நின்னா அரைக்கிற பாகத்துக்குச் சோறு இல்ல. ஒண்ணு நின்னா மொத்தமாப் போயிரும். வாரதும் கடைசியிலதான் வரும். அதனால முதல்ல பாக்டீரியாவப் பாப்போம்."

அடுத்த நாள் பக்கத்து நிலையத்து மேனேஜரிடம் போய்க் கெஞ்சி, அவர்கள் தொட்டியிலிருந்து ஒரு டேங்கர் உயிருள்ள சகதி வாங்கி வந்தோம். பழனிச்சாமி ஊரிலிருந்து வண்டி நிறையச் சாணம் கொண்டுவந்து, கரைத்து வடிகட்டி ஊற்றினார். நாட்டுச்சர்க்கரை மூட்டைகள் வந்தன. டிரம்மில் கரைத்து, குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டுச் சொட்டச் சொட்ட விட்டோம். தொட்டிக்கரையில் சர்க்கரைக் கரைசலுக்கு எறும்பு மொய்த்தது. நாற்றத்துக்கு நடுவில் காய்ச்சின பாகு வாசனை.

சகதி ஊற்றிய மூன்றாவது நாள் டீச்சர், "வந்துட்டு சார், பொடிசுங்க நிறைய வந்துட்டு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பட்டறைகள் திறந்துவிட்டன, சேகரிப்புத் தொட்டி ஏறிக்கொண்டிருந்தது. டிரம் குழாயை முழுதாகத் திறக்கப் போனேன். பசியோடு இருப்பவர்களுக்கு நிறையப் போட்டால் சீக்கிரம் தேறிவிடுவார்கள் என்ற கணக்கு.

டீச்சர் ஓடி வந்து குழாயை மூடினார். "சார், அதுங்களுக்குப் போதும்னு சொல்ல வயிறு கிடையாது. சாப்பாடு இருக்கிற வரைக்கும் தின்னும், பெருகும். அத்தனைக்கும் மூச்சு விடக் காத்து வேணும்லா? நம்ம ப்ளோயர் ஊதுறது பத்தாது. மறுபடி எல்லாம் மூச்சுமுட்டிச் செத்துரும்."

தீபாவளிக்கு முன்பு அவர் சொன்னபோது கேட்காதவன் இப்போது கேட்டேன். குழாயிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் தொட்டி முழுக்க வெள்ளை நுரை எழுந்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டி நடைபாதையில் வழிந்தது. தலைவர் வந்து பார்த்துப் பதறிப்போனார். "என்னங்க டீச்சர், இது பொங்குது?"

"பிறந்த பிள்ளைங்க சார், இப்படித்தான் இருக்கும். வயசாக வயசாக நுரை அடங்கிரும்" என்றார் டீச்சர். பயமில்லாமல்தான் சொன்னார். ஆனால் தலைவர் போனபிறகு நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

மறுநாள், பட்டறைகள் திறந்த மூன்றாவது நாள், பட்டறைக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். சேகரிப்புத் தொட்டியில் இன்னும் இரண்டடிதான் பாக்கி. வெளிநாட்டு ஆர்டருக்குத் துணி முடிக்க வேண்டும் என்று எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். ஒருவர், "வெளிய போற தண்ணியில லாரித் தண்ணிய ஊத்தி விட்டா நெறம் தெரியாதுங்க. ஒரு வாரம் ஓட்டிப்போடலாம்" என்றார். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். தலைவர் என்னைப் பார்த்தார்.

"வேண்டாமுங்க" என்றேன். இதைச் சொல்ல எனக்குத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், தொட்டிக்கரையில் வாயை மூடிக்கொண்டு நின்ற அந்தக் காலையிலிருந்துதான். இன்னொரு தடவை அப்படி நிற்க என்னால் முடியாது. "பாதிப் பட்டறை இன்னைக்கு, பாதிப் பட்டறை நாளைக்குன்னு ஓட்டுங்க. தொட்டிக்கு எவ்வளவு விடறதுன்னு சாயங்காலம் சொல்றேன். தப்பாப் போனா என் பொறுப்புங்க. இந்தத் தடவை எழுதியே கொடுக்கறேன்."

முணுமுணுத்தார்கள். தலைவர் மேஜையைத் தட்டி, "அவரு சொல்றபடி செய்யுங்க" என்றார்.

சாயங்காலம் லேபில் டீச்சர் ஸ்லைடு மேல் ஸ்லைடாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பழனிச்சாமியும் நானும் பின்னால் நின்றோம்.

"நீந்துறவங்க இருக்காங்க. ஊர்றவங்க இருக்காங்க" என்றார். பிறகு சட்டென்று, "மணி! சார், மணி ஒண்ணு காம்போட நிக்கி!" என்றார்.

"ரோட்டிஃபர்?"

"இல்ல. அது வர நாளாகும்."

ரோட்டிஃபர் வரும்வரை காத்திருந்தால் சேகரிப்புத் தொட்டி வழிந்துவிடும். காத்திருக்காமல் முழுவதும் விட்டால் நேற்றுப் பிறந்தவை தாங்காது. புத்தகத்தில் இதற்கு விடை இல்லை.

"டீச்சர், நீங்களா இருந்தா எவ்வளவு விடுவீங்க?"

"கால் பங்கு சார். நாளைக்குப் பாத்துட்டுப் பாதி."

"கால் பங்குங்க பழனிச்சாமி" என்றேன். இந்தத் தடவை லாக் புத்தகத்தை நானே வாங்கி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கொடுத்தேன். பழனிச்சாமி அதைப் பார்த்துவிட்டு வால்வைத் திறக்கப் போனார்.

மறுநாள் பாதி. அதற்கு இரண்டு நாள் கழித்து முக்கால். வெளியே போகும் தண்ணீர் சோதனையில் தேறாத நாளில் அதைத் திருப்பிச் சேகரிப்புத் தொட்டிக்கே அனுப்பினோம். ஒருநாள் அந்தத் தொட்டித் தண்ணீர் விளிம்புக்கு நாலு விரல்கடை கீழே வரை வந்து நின்றது. அன்று நான் தொட்டிக்கரையை விட்டு நகரவில்லை. பிறகு மெல்ல இறங்க ஆரம்பித்தது. பெரிய தொட்டியில் கறுப்பு மறைந்து, பழுப்பாகி, காபி நிறம் திரும்பியது. நாற்றம் போய் மண் வாசனை வந்தது. அந்த வாசனை உங்களுக்கு இப்போது சாதாரணம். எனக்கு அன்று அழுகை வந்தது.

மூன்றாவது வாரத்தில் ஒரு மதியம் டீச்சர் லேப் ஜன்னலிலிருந்து கையை ஆட்டினார். நானும் பழனிச்சாமியும் ஓடினோம். அங்கே ஏற்கெனவே தலைவர், வெள்ளை வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, மைக்ராஸ்கோப்பின் மேல் குனிந்திருந்தார்.

"இத்தனூண்டா இருக்குது" என்றார். "இதுக்காவேதானுங்களா நான் மூணு வாரமா தூங்காமக் கெடந்தேன்?"

"தின்னுதா சார்?" என்றார் டீச்சர்.

"தலையில என்னமோ சுத்துது. உள்ள அரைக்குது. தின்னுதுங்க, நல்லாத் தின்னுது!"

அடுத்து பழனிச்சாமி பார்த்தார். அத்தனை நாளும் மூட்டை தூக்கி, சாணம் கரைத்து, டிரம்முக்குக் காவல் இருந்தவர் அப்போதுதான் முதல்முறை அதற்குள் பார்க்கிறார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "மாவாட்டறாப்பல இருக்குதுங்க" என்று சிரித்தார். எங்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. யார் முதலில் சிரித்தது, எதற்குச் சிரித்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் சங்கதியை அவர் அதற்கப்புறம் பேசவே இல்லை.

புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். வேலை இல்லாத நாளிலும் தொட்டிக்குள் இருப்பவை சாப்பிட வேண்டும். வாயால் ஒரு உத்தரவு போட்டால், அதற்குப் பொறுப்பேற்கவும் உங்கள் வாய்தான் திறக்க வேண்டும், சாயங்காலம்வரை காத்திருக்காதீர்கள்.

அன்று தலைவர் போனபிறகு பழனிச்சாமி என்னைப் பார்த்து, "பசிக்குதுங்க" என்றார். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. யாரும் சாப்பிட்டிருக்கவில்லை. மூன்று பேரும் பல்லடம் ரோட்டில் இருந்த ஒரு மெஸ்ஸுக்குப் போனோம். மெஸ்காரர் அடுப்பை அணைக்க இருந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு மிச்சம் இருந்ததை எல்லாம் கொண்டுவந்து வைத்தார். இரண்டாவது தடவை சோறு வாங்கும்போது பழனிச்சாமி ரசத்தை என் பக்கம் நகர்த்தி, "ஊத்திக்குங்க, சூடா இருக்குது" என்றார்.